முகப்புக்கு அப்பால்: ஜெய்சல்மேர் பட்வா ஹவேலியின் கட்டட அமைப்பு

ஜெய்சல்மேர் நகரத்துப் பட்வா ஹவேலியைப் பற்றி எழுதியோருள் பெரும்பாலோர் அதன் முகப்பில் தொடங்கி முகப்பிலேயே நின்றுவிடுகின்றனர். கல்லில் நெய்த சரிகை, கல்லில் எழுதிய கவிதை என்பன போன்ற தொடர்கள் பயண நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கலை வரலாறு எழுதுவோரும் அவற்றிலிருந்து முற்றிலும் விடுபட்டாரல்லர். இத்தொடர்கள் பொய்யுரை அல்ல. ஆயினும் அவை ஒரு வீட்டைச் சிற்பமாக மாற்றிவிடுகின்றன. சிற்பத்திற்கு முன்புறம் போதும். வீட்டிற்குக் கூரை வேண்டும். நீர் வரும் வழியும் போகும் வழியும் வேண்டும். அதில் உறங்குவாரும் வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகப் போற்றப்பெறும் ஒரு கல்வீட்டில் உண்மையில் எது பாதுகாக்கப்படுகிறது என்னும் வினாவை எழுப்ப வேண்டுமாயின், அதனை முதற்கண் வீடாகக் கண்டு படித்தல் இன்றியமையாதது. அத்தகைய படிப்பொன்றை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் குடும்பமும்

பாட்டி இராசபுத்திர மரபைச் சேர்ந்த இராவல் ஜெய்சல், லோதுர்வா என்னும் பழைய தலைநகரை விடுத்துத் திரிகூடக் குன்றின்மேல் கோட்டை எழுப்பிய ஆண்டு கி.பி. 1156 என்பர். சிந்து வழியாகவும் குசராத்து வழியாகவும் சென்ற ஒட்டக வணிகச் சாத்துகள் இவ்வூரைத் தொட்டுச் சென்றன. சாத்துகளிடம் பெற்ற சுங்கமும் அவற்றுக்கு அளித்த கடனும் இவ்வூரின் செல்வமாயின. நிலம் விளைவு தராத இடத்தில் வணிகமே விளைவு.

பட்வா என்பது தொழிலால் வந்த பெயர். பொன், வெள்ளி இழைகளைக் கொண்டு சரிகை வேலை செய்தோரையும் அச்சரக்கை விற்றோரையும் அது குறிக்கும். பாஃப்னா குலத்துச் சமணரான குமான் சந்த் பட்வா தம் மைந்தர் ஐவருக்கெனத் தொடங்கிய வீடுகளே இன்று ஒருமையில் 'ஹவேலி' என வழங்கப்படுகின்றன. முதல் வீடு 1805ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஐந்தும் நிறைவுற அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. சரிகை வணிகத்தோடு வட்டித் தொழிலும் அபினி வணிகமும் இக்குடும்பத்தின் வருவாய்க்கு வழிகளாயின.

இவ்விடத்தில் ஒரு முரண் கருதத்தக்கது. இவ்வீடுகள் எழுந்த காலத்தில் இக்குடும்பத்தின் தொழில் பெரும்பாலும் ஜெய்சல்மேருக்கு வெளியே, மாளவம், கோட்டா, உதயபூர் ஆகிய பகுதிகளில் நடந்தது. ஐவருள் ஒருவரான சோராவர்மல், மேவாருக்கு ஆங்கிலேய அரசின் முகவராக வந்த கர்னல் ஜேம்ஸ் டாடின் ஊக்கத்தால் உதயபூரில் கடை திறந்தவர். அதே நூற்றாண்டில் பம்பாய் முதலிய துறைமுகங்கள் வளர, பாலைவழி வணிகம் மெல்ல மெல்ல வற்றியது. ஆகவே ஊர் உயர்ந்தபோது எழுந்த மாளிகை இது என்று பொதுவாகக் கூறுவது சரியன்று. ஊரின் வணிகம் இறங்கத் தொடங்கிய வேளையில், வெளியூரில் ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரில் பெயர் நிறுத்தக் கட்டப்பெற்றது என்பதே பொருத்தமாகப் படுகிறது. பின்னாளில் இவ்வீடுகள் ஆளின்றிப் போனதற்கான வித்து, அவை எழுந்தபோதே ஊன்றப்பட்டிருந்தது எனலாம்.

கல்

பயண நூல்கள் இக்கல்லை மஞ்சள் மணற்கல் என்கின்றன. நிலவியலாரோ கோட்டைக்கும் ஹவேலிகளுக்கும் பயன்பட்ட பொன்னிறக் கல்லை ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல் என வகைப்படுத்துகின்றனர். தொல்கடலின் அடியில் படிந்த கல் அது. இவ்வேறுபாடு வெறும் பெயர்ச்சிக்கல் அன்று. இச்சுண்ணாம்புக்கல் நுண்ணுளிக்கு இணங்கும். விரற்கடையளவு தடிமனுள்ள பலகையிலும் துளையிட இடந்தரும். அதே காரணத்தால் ஈரத்திற்கும் உப்புக்கும் புறாக்களின் எச்சத்திற்கும் எளிதில் இரையாகும். எந்தக் குணம் வேலைப்பாட்டுக்கு வழி தந்ததோ, அந்தக் குணமே அழிவுக்கும் வழி தருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெறும் நிலத்தில் அக்குறை நெடுங்காலம் வெளிப்படாதிருந்தது.

வேலை செய்தோர் சிலாவத் எனப்படும் கல்தச்சர். ஜெய்சல்மேர்ச் சிலாவத்துகள் இசுலாமியர். சமண வணிகருக்காக இசுலாமியத் தச்சர், இராசபுத்திர அரண்மனையின் சாளர வடிவத்தையும் வங்காளக் குடிசையின் வளைந்த கூரை வடிவத்தையும் முகலாய வளைவையும் ஒரே சுவரில் அமைத்தனர். இதனை 'இராசபுத்திரக் கலை' என ஒரு பெயரில் அடக்குவது வகைப்பாட்டு வசதிக்கு உதவுமேயன்றி உண்மைக்கு உதவாது. இச்சமூகத்தாருள் பலர் சிந்துப் பகுதிக்கும் கராச்சிக்கும் குடிபெயர்ந்து, அங்கும் கல்தச்சுத் தொழிலால் அறியப்பெற்றனர். வீட்டுக்காரர் மாளவத்திற்குச் சென்றனர். தச்சர் சிந்துவுக்குச் சென்றனர். வீடு மட்டும் நின்றது.

பொருத்து

ஹவேலியின் கட்டுமானத்தில் பெரிதும் நோக்கத்தக்கது, சாந்து இன்மையே. கற்கள் சுண்ணக் கலவையால் ஒட்டப்படவில்லை. ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்றின் முனை புகுமாறு செதுக்கிப் பொருத்தியும், தேவையான இடத்தில் இரும்புப் பட்டைகளால் கவ்வச் செய்தும் நிறுத்தப்பட்டுள்ளன. தூண், போதிகை, சாளரப் பலகை, கவிகை ஆகியவை தனித்தனியே தரையில் செதுக்கப்பெற்றுப் பின்னரே மேலேற்றப்பட்டன. இது கொத்தரின் முறை அன்று, தச்சரின் முறை. மரவேலைக்குரிய பொருத்துகளைக் கல் ஏற்றுக்கொண்டது.

மரம் அரிதாகக் கிடைத்தமையால் கல் மரமாயிற்று என்னும் விளக்கம் பலராலும் கூறப்படுவது. அது பாதி விளக்கமே. மரம் முற்றிலும் விலக்கப்படவில்லை. பல அறைகளின் கூரை மரச்சட்டங்களால் ஆனது. சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, மேலே நாணற்பாய் விரித்து, அதன்மேல் தடிப்பாக மண் கொட்டித் திமிசு அடித்து, மேற்பரப்பை மூடினர். ஆகவே கிடைத்த சிறிதளவு மரத்தை எங்கே செலவிடுவது என்பதில் ஒரு தெளிந்த தேர்வு இருந்தமை புலனாகிறது. வெளியே வெயிலும் காற்றும் தாக்கும் இடத்தில் கல். உள்ளே, மண்ணின் அடியில், நிழலில் மரம். எந்தப் பொருளை எது காக்கும் என்னும் கணக்கு இது. மண் மரத்தைக் காக்கிறது. மண்ணை யார் காப்பது என்பது பின்னர் எழும் வினா.

தளங்கள் உயர உயரச் சுவரின் கனம் குறைந்து வருவதும் இம்முறையின் பயனே. தரைத்தளச் சுவர் தடித்தது, ஏறத்தாழ வெறுமையானது. உயர்ந்த அடித்தளத்தின்மேல் படிகளோடும் திண்ணையோடும் நிற்பது. மேலே செல்லச் செல்லச் சுவர் மெலிந்து, இறுதியில் தூண்களுக்கிடையே செருகிய பலகையாகிவிடுகிறது. வேலைப்பாடும் அதற்கேற்பச் செறிகிறது. அழகுணர்ச்சியால் மட்டும் மேல்தளம் வேலைப்பாடு மிக்கதாயிற்று எனக் கொள்ள வேண்டுவதில்லை. பாரத்தைக் குறைக்க மெலிந்த கல்லே துளையிடத் தக்க கல்லும் ஆயிற்று.

தெருவும் முகப்பும்

முகப்பைப் புகழ்ந்தோர் ஒரு செய்தியைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. அம்முகப்பை எதிரே நின்று முழுமையாகக் காண இயலாது. ஒரு வளைவு வாயிலின் கீழாக நுழைய வேண்டிய சந்து அது. அகலம் சிறிது, வீடுகளோ பல தளங்களாக உயர்ந்தவை. காண்போர் தலையை அண்ணாந்து, சாய்வாக, அடியிலிருந்து மேலாகவே காண இயலும். புகைப்படக் கருவியின் துணையால் நேராக்கப்பட்டு அச்சில் வரும் முகப்பு, தெருவில் நடந்த எவருக்கும் கிட்டாத ஒரு காட்சி. தச்சர் இதனை அறிந்தே வேலை செய்தனர் என்பதற்குச் சாளரங்களின் அடிப்பகுதியே சான்று. தாங்கும் போதிகைகளின் கீழ்முகத்திலும் தொங்கும் மொட்டுகளிலும் வேலைப்பாடு நிரம்பியுள்ளது. வரைபடத்தில் தோன்றாத பகுதி அது. நடப்பவர் கண்ணில் முதலில் படும் பகுதியும் அதுவே.

இச்சாளரங்களைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது என்பதே ஒரு சிக்கல். ஜரோகா எனப்படும் இவ்வுறுப்பு சுவரில் இட்ட துளை அன்று. சுவரை விட்டு வெளியே நீண்டு, தனக்கெனத் தூணும் கூரையும் கொண்டு, ஓரிருவர் அமரத்தக்கதாக நிற்பது. சன்னல் என்பது குறைவுபடும். மாடம் என்பது மிகைபடும். சிலப்பதிகாரத்தில் பயிலும் காலதர் என்னும் சொல், காற்றின் வழி எனப் பொருள்படுவதால், இதன் வடிவத்தைச் சுட்டாவிடினும் தொழிலைச் சரியாகச் சுட்டுகிறது. கல்லில் இட்ட சிறு துளைகளின் வழியே நுழையும் காற்றே இவ்வீட்டு மேல்தளங்களின் உயிர்.

கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசைக் கடக்கும் ஊர் இது. வினோத் குப்தா 1980களில் வெளியிட்ட ஆய்வு, குறுகிய தெரு, முற்றம், தடித்த சுவர், மேடுபள்ளமான மேற்பரப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்து இயங்கும் இயற்கைக் குளிரூட்டு முறையாக ஜெய்சல்மேரை விளக்கியது. குல்பூஷண் ஜெயினும் மீனாட்சி ஜெயினும் பாலைநிலக் கட்டடக்கலை குறித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் வீட்டை ஊரினின்று பிரிக்காது காணும் நோக்குடையது. இவர்களின் பார்வை முகப்புப் புகழ்ச்சியினும் பன்மடங்கு பயனுடையது. எனினும் இவ்வாய்வுகளின் வழியாகப் பரவிய ஒரு கருத்து, பரவும்போதே சுருங்கிவிட்டது. 'வேலைப்பாடு வீட்டைக் குளிர்விக்கிறது' என்று இன்று எவரும் எளிதாகக் கூறுவதைக் கேட்கலாம். வேலைப்பாடு தனித்து அவ்வாறு செய்வதில்லை. மேடுபள்ளங்கள் மேற்பரப்பைப் பெருக்குகின்றன. பெருகிய பரப்பு இரவில் வெப்பத்தை விரைந்து வெளியிடும். ஆயின் பகலில் வெயில் முழுதும் பட்டால் அதே பரப்பு வெப்பத்தை மிகுதியாக வாங்கவும் கூடும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், வெயில் சிறிது நேரமே இறங்கும் அக்குறுகிய சந்தும், ஒன்றன்மேல் ஒன்று நிழல் வீழ்த்தும் சாளரக் கூரைகளும் ஆகும். எதிர்வீட்டை அகற்றினால் இவ்வீட்டின் இயல்பு மாறும். ஆகவே தெரு இவ்வீட்டின் சுற்றுப்புறம் அன்று, உறுப்பு.

இந்நகரின் பிற இரு ஹவேலிகளும் இதே நோக்கில் வைத்து எண்ணத்தக்கவை. திவானாக இருந்த சாலிம் சிங்கின் ஹவேலி, மயில் வடிவப் போதிகைகள் தாங்கும் மேல்தளத்தால் அறியப்பெறுவது. டாடின் நூல் இத்திவானைக் கொடியவராகவே காட்டுகிறது. வீட்டைப் பற்றிய கதைகளும் அச்சித்திரத்தையே தொடர்கின்றன. 1885ஆம் ஆண்டைச் சார்ந்த நத்மல் ஹவேலியின் முகப்பை இரு தச்ச உடன்பிறந்தார் பாதி பாதியாகச் செய்தனர் என்றும், அதனாலேயே இரு புறமும் ஒத்தும் ஒவ்வாமலும் உள்ளன என்றும் கூறுவர். கதை இனியது; ஆயினும் ஒத்தும் ஒவ்வாமலும் இருத்தல் உளியால் செய்த எந்த வேலைக்கும் இயல்பே. அம்முகப்பில் மிதிவண்டியும் நீராவி இயந்திரமும் இடம்பெற்றிருத்தல் அதனினும் சிந்திக்கத்தக்கது. இவ்வூருக்கு இரயில் வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். சாத்துகளின் வழியை மூடிய இரும்புப் பாதையின் வண்டி, அப்பாதை ஊரை எட்டுமுன்பே கல்லில் வந்துவிட்டது.

முற்றமும் மேன்மாடமும்

உள்ளே நுழைந்தால் சௌக் எனப்படும் நடுமுற்றம். அதனைச் சூழத் தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள். கீழே பொருள் வைக்க நிலவறைகள். மேலே ஓவியமும் கண்ணாடிப் பதிப்பும் உடைய கூடங்கள். எல்லாவற்றுக்கும் மேலே திறந்த தளம். ஐந்து வீடுகளும் ஒரே வரிசையில் ஒரே முகப்பெனத் தோன்றினும், ஒவ்வொன்றுக்கும் தனி வாயில், தனி முற்றம். தந்தையின் பெயர் ஒன்று, அடுப்பு ஐந்து என்னும் கூட்டுக்குடும்ப ஏற்பாடு கல்லில் வரையப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம்.

பகலில் கீழ்த்தளத்து இருண்ட அறைகளிலும், கோடை இரவில் திறந்த தளத்திலும் வாழ்வதே இந்நிலத்து வழக்கம். அறைகளுக்கு இன்னின்ன பயன் என நிலையான பெயர் சூட்டுதல் இவ்வீட்டுக்குப் பொருந்தாது. குடும்பத்தார் வீட்டுக்குள்ளேயே நாள்தோறும் இடம் பெயர்ந்தனர். அருங்காட்சியகத்தில் 'படுக்கையறை', 'சமையலறை' எனப் பலகை மாட்டி, ஒவ்வொன்றிலும் அதற்குரிய பொருளை அசையாது நிறுத்தி வைக்கும்போது இவ்வசைவு மறைந்துவிடுகிறது.

மகளிர் நிலையையும் இங்கே கருத வேண்டும். ஜாலி எனப்படும் துளைப்பலகை காற்றுக்காக மட்டும் அமைந்தது அன்று. வெளியே காணப்படாமல் வெளியைக் காண்பதற்கும் அதுவே கருவி. தெருவுக்கு இறங்கத் தடையுற்றோர் அமர்ந்த இடத்திலேயே தெருவுக்குரிய அழகு முழுதும் குவிந்துள்ளது. கீழே நடப்போர் அண்ணாந்து வியந்தது, உள்ளிருப்போரின் முகத்தை மறைக்கும் திரையையே. இதனை அழகென்று மட்டும் எழுதுவோரும் சிறையென்று மட்டும் எழுதுவோரும் பலகையின் ஒரு பக்கத்தையே காண்கின்றனர். நண்பகல் வெயிலில் வீட்டின் குளிர்ந்த காற்று வரும் இருக்கையும் அதுவே என்பதை உள்ளே அமர்ந்து பார்த்தால்தான் உணரலாகும். அவ்விருக்கைகளில் அமர்ந்தோர் தாமே எழுதிவைத்த குறிப்பு எதனையும் இவ்வீட்டைப் பற்றிய நூல்கள் எடுத்துக்காட்டுவதில்லை. வணிகரின் பெயரும் திவானின் பெயரும் கதைகளில் தச்சரின் பெயரும் நிற்க, இவர் பெயர் நிற்கவில்லை.

பாதுகாப்பு

ஐந்து வீடுகளுள் சில அரசின் பாதுகாப்பில் உள்ளன. ஒன்று தனியார் அருங்காட்சியகம். சில கீழ்த்தளங்களில் துணியும் கைவினைப் பொருளும் விற்கும் கடைகள் இயங்குவதுண்டு. குடும்பங்கள் அகன்று பாழடைந்திருந்த வீடுகள் இடிந்து போகாமல் நின்றமைக்கு அரசின் தலையீடே காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பாதுகாப்பு எத்தகைய பொருளை மனத்திற்கொண்டு வகுக்கப்பெற்றது என்று வினவுதல் முறையாகும்.

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கட்டுமானத்தைத் தொன்மைச் சின்னம் என்கிறது. அதனை வேலியிடவோ மூடவோ காக்கவோ தேவைப்படும் அடுத்த நிலத்தையும் அதனுள் சேர்க்கிறது. இராசத்தானுக்கென 1961இல் தனிச் சட்டமும் இயற்றப்பெற்றது. வேலியிடத்தக்கது என்னும் கருத்திலேயே ஒரு படிமம் ஒளிந்துள்ளது: வெட்டவெளியில் தனித்து நிற்கும் கோயில், கல்லறை, தூண். வரிசை வீட்டுக்கு வேலி இல்லை. அதன் சுவர் அடுத்த வீட்டின் சுவர். அதன் நிழல் எதிர்வீட்டின் கொடை. 2010ஆம் ஆண்டின் திருத்தம் மத்திய அரசின் பாதுகாப்புச் சின்னங்களைச் சூழ 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்தது. அவ்வளவையைக் குடியிருக்கும் ஊரின்மேல் வைத்தால் வட்டத்துக்குள் விழுவது வெற்று நிலமன்று, நூற்றுக்கணக்கான வீடுகள். சின்னத்துக்குள் இருக்கும் வீடு மாறாமலிருக்க, அதற்கு நிழல் தரும் வீடு பழுதுபார்ப்பதற்கும் இசைவுக்குக் காத்து நிற்கும் நிலை தோன்றுகிறது. சட்டத்தின் நோக்கம் நன்று. வீட்டைச் சின்னமாக அளக்கும் அளவுகோலே பொருந்தாதது.

இதற்கு நேர் எதிரான நிலையைக் குன்றின்மேல் உள்ள கோட்டையில் காணலாம். இராசத்தான் மலைக்கோட்டைகளுள் ஒன்றாக 2013இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற அக்கோட்டையில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். முன்னர் நீர் குடத்தில் வந்தது. பின்னர்க் குழாயில் வந்தது. குழாயில் வந்த நீர் குன்றின் அடிமண்ணில் இறங்கியது. சில கொத்தளங்கள் சரிந்தன. உலக நினைவுச் சின்ன நிதியம் 1996 முதலே தன் இடர்ப் பட்டியலில் கோட்டையைச் சேர்த்து எச்சரித்தது. கோட்டையில் குடியிருப்பு உண்டு, அளவு போயிற்று. ஹவேலியில் அளவு உண்டு, குடியிருப்பு போயிற்று. இவ்விரண்டையும் ஒரே நாளில் பார்த்துச் செல்லும் பயணியர், முன்னதைக் குறை கூறிப் பின்னதைப் பாராட்டுவது வழக்கம். குடியிருப்பே கேடு என்று அதிலிருந்து முடிவு கட்டுதல் பிழை. சாந்தில்லாத பொருத்தும் மண் கூரையும் உடைய கட்டடம், அன்றாடம் எவரேனும் கவனிப்பர் என்னும் நம்பிக்கையில் எழுந்தது. பட்டையில் துரு ஏறினால் அது பருத்துக் கல்லைப் பிளக்கும். பிளவைச் சிமெண்டால் அடைத்தால் அதனைவிட மென்மையான சுண்ணாம்புக்கல் அருகே பொடியும். துருவையும் பிளவையும் முதலில் காண்பவர் பொறியாளர் அல்லர். கீழே பாய் விரித்து உறங்குபவரே.

மண் கூரையில் இது மேலும் தெளிவாகும். திமிசு அடித்த மண் ஆண்டுதோறும் வெடிக்கும். மழைக்கு முன் அதனைப் பார்த்து, வெடிப்பை அடைத்து, நீர் ஓடும் சரிவைச் சீர்செய்தல் வீட்டு வேலைகளுள் ஒன்று. கோடை இரவுகளில் குடும்பமே அத்தளத்தில் உறங்கியமையால் வெடிப்பு எங்கே உள்ளது என்பதைத் தனியே தேட வேண்டியிருந்ததில்லை. 2006ஆம் ஆண்டு ஆகத்தில் பார்மேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் பெய்த பெருமழை போன்றவை இந்நிலத்திலும் வரக்கூடியவை என்பது இன்று ஐயமற்றது. அத்தகைய மழையின்போது முகப்பின் ஒரு பூவும் உதிராமலே, நனைந்து கனத்த மண்ணோடு ஓர் அறையின் கூரை இறங்கிவிடலாம். சிற்பங்களைக் கணக்கெடுத்துப் படம் பிடித்து வைக்கும் ஆவணம் இவ்விழப்பைப் பதிவு செய்யாது. சாளரங்களை எண்ணிச் சொல்லும் வழிகாட்டிகள் பயணியரை இறுதியாக அழைத்துச் செல்வது மேல்தளத்திற்கே. அங்கிருந்து கோட்டை முழுமையாகத் தெரியும். எல்லாரும் அதனை நோக்கி நிற்கின்றனர். காலடியில் உள்ள மண்ணை எவரும் நோக்குவதில்லை.